வங்கப் படங்களின் விசித்திர ஆசான்: யார் இவர், எப்படி அடையாளம் காண்பது?

வங்காளப் படங்களைச் சப்டைட்டிலோடு பார்க்கத் தொடங்கும் தமிழ் ரசிகர்கள் ஒரு வகைக் கதாபாத்திரத்திடம் வந்ததும் தடுமாறுகிறார்கள். சத்யஜித் ரேயின் 'ஆகந்துக்' (1991) முடிந்ததும் எழும் கேள்வி இது: அந்தத் தாய்மாமன் அப்படி என்னதான் கற்றுக்கொடுத்தார்? யாரையும் போட்டியில் ஜெயிக்க வைக்கவில்லை, வில்லனை அடக்கவில்லை. ஒரு சிறுவனோடு சில நாள் பேசினார், கிளம்பிவிட்டார். ரித்விக் கட்டக்கின் 'ஜுக்தி தக்கோ ஆர் கப்போ'வில் குழப்பம் இன்னும் கூடும். எப்போதும் போதையில் இருக்கும் ஒருவரைச் சுற்றி ஏன் இளைஞர்கள் திரிகிறார்கள்?

நம் படங்களில் ஆசான் என்றால் அவருக்கு ஒரு வித்தை தெரிந்திருக்கும், சீடனுக்கு ஓர் இலக்கு இருக்கும், கடைசியில் வெற்றி வரும். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்த வங்காளிகள் யாரும் தேறமாட்டார்கள். இவர்களுக்கு வேறு இலக்கணம் இருக்கிறது.

## முதலில் சில பெயர்கள்

வங்காளத்தில் கற்பிப்பவரை அழைக்கும் முறைகள் பல. திண்ணைப் பள்ளியை நடத்தியவர் குருமொஷாய். ஆங்கிலப் படிப்பு வந்த பிறகான பள்ளி ஆசிரியர் மாஸ்டர்மொஷாய். வயதில் மூத்த வழிகாட்டிக்குப் பெயரோடு 'தா' சேரும். தாதா, அதாவது அண்ணன். அப்பாவின் அண்ணன் ஜேட்டா, அம்மாவின் சகோதரன் மாமா. ஊர் ஊராகப் பாடித் திரியும் பாவுல், ஃபக்கீர் மரபில் வழிநடத்துபவர் குரு, முர்ஷித் அல்லது சாயி.

இவர்களில் முதல் இருவரை 'பதேர் பாஞ்சாலி'யிலும் (1955) 'அபராஜிதோ'விலும் (1956) ரே அருகருகே வைத்துவிட்டார். முதல் படத்தில் துளசி சக்ரவர்த்தி நடித்த பிரசன்ன குருமொஷாய் மளிகைக் கடைக்காரர். ஒரு கை சாமான் நிறுக்க, வாய் பாடம் சொல்ல, பக்கத்தில் பிரம்பு. இரண்டாவதில் வரும் தலைமையாசிரியர், இரு படங்களின் நாயகனான சிறுவன் அப்புவுக்குப் புத்தகங்களை எடுத்துக் கொடுக்கிறார். ஆப்பிரிக்காவில் அலைந்த லிவிங்ஸ்டன், துருவப் பயணம், அறிவியலாளர்களின் வாழ்க்கை. பையன் கையில் உலக உருண்டை வருகிறது, அவன் கல்கத்தாவுக்குப் போகிறான், தாய் தனியாகிறாள். கற்பித்தலுக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதை ரே தொடக்கத்திலேயே காட்டிவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற படங்கள் எளிதாகத் திறக்கும்.

விசித்திர ஆசான் பெரும்பாலும் மேலே சொன்ன பட்டியலின் பின்பாதியிலிருந்து வருகிறார்: அண்ணன், மாமா, ஜேட்டா, நாடோடி. சம்பளமும் நாற்காலியும் கிடையாது.

## இந்த உருவம் எங்கிருந்து வந்தது?

தட்சிணேசுவரத்துக் கோயில் பூசாரியான ராமகிருஷ்ணர் முறையான படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் அவரைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கல்கத்தாவின் ஆங்கிலம் படித்த இளைஞர்கள். 1884-இல் அவர் ஸ்டார் தியேட்டருக்கே போய் 'சைதன்ய லீலா' நாடகம் பார்த்து, நடிகை வினோதினியை ஆசீர்வதித்தார். நாடக நடிகைகளை ஊர் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. பட்டம் இல்லாதவர் பட்டதாரிகளுக்கு வழி சொல்லலாம் என்ற எண்ணம் வங்க நடுத்தர வர்க்கத்துக்குள் அப்போதே ஊன்றிவிட்டது.

அடுத்தது சாந்திநிகேதன். 1901-இல் தாகூர் தொடங்கிய பள்ளியில் வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. பின்னால் எழுந்த கலா பவனில்தான் 1940-இல் இளைஞர் ரே ஓவியம் படிக்கச் சேர்ந்தார். படிப்பை முடிக்காமலே திரும்பினார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் வினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே பார்வைக் குறை உள்ளவர். நடு வயதில் பார்வை முழுதும் போன பிறகும் வரைந்தார், சுவருக்கு ஓடு பதித்தார். ரே அவரைப் பற்றி 1972-இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதே கலா பவனின் இன்னோர் ஆசிரியரான சிற்பி ராம்கிங்கர் பெய்ஜைப் பற்றிக் கட்டக் 1975-இல் படம்பிடித்தார்; அதை முடிக்கும் முன் காலமானார். குணத்தில் எதிரெதிரான இந்த இரு இயக்குநர்களும் தங்கள் கேமராவை ஒரே வளாகத்தின் இரண்டு ஆசிரியர்கள் பக்கம் திருப்பியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ராம்கிங்கர் 1938-இல் சிமெண்டும் செம்மண் சரளையும் கலந்து, சந்தால் பழங்குடியினரைக் காட்டும் 'சந்தால் குடும்பம்' சிற்பத்தைச் செய்தார். 'ஆகந்துக்' படத்தின் மாமன் வீட்டைவிட்டுப் போய் உட்காருவதும் சாந்திநிகேதன் பக்கத்துச் சந்தால் கிராமத்தில்தான்.

மூன்றாவது காரணம் அரசியல். 1967 நக்சல்பாரி விவசாயிகளின் கிளர்ச்சிக்குப் பிறகு கல்கத்தாக் கல்லூரிகள் கொதித்தன. 1970-இல் கல்லூரிச் சதுக்கத்தில் கல்விச் சீர்திருத்தவாதி வித்யாசாகரின் சிலைத் தலையையே இளைஞர்கள் உடைத்தார்கள். நிறுவனத்துக்குள் இருக்கும் ஆசிரியர்மேல் நம்பிக்கை போன காலத்தில், திரையில் வழிகாட்டுபவர் நிறுவனத்துக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

## இயங்கும் முறை: 'ஆகந்துக்' ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்தால்

கதை எளியது. 35 ஆண்டு கண்ணில் படாதிருந்த மன்மோகன் மித்ரா (உத்பல் தத்), கல்கத்தாவில் இருக்கும் சகோதரி மகள் அனிலாவின் வீட்டுக்கு வருவதாகக் கடிதம் எழுதுகிறார். அனிலா குழந்தையாக இருந்தபோது போனவர். முகம் யாருக்கும் நினைவில்லை.

1. அவர் வெளியிலிருந்து வருகிறார். வீட்டின் கணக்கு வழக்குகளில் அவருக்கு இடமில்லை. விலை உயர்ந்த பொருள்களை வீட்டார் முன்கூட்டியே எடுத்து மறைக்கிறார்கள்.

2. அவரிடம் அத்தாட்சி கேட்கப்படுகிறது. படத்தின் முதுகெலும்பு இதுதான். அவர் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, இது எதையும் நிரூபிக்காது என்று தானே சொல்லிவிடுகிறார். போலிகள் இந்த இடத்தில் சான்றுகளை அடுக்குவார்கள். இவர் சான்று என்ற ஏற்பாட்டையே கேள்விக்கு உட்படுத்துகிறார். ஓவியக் கல்லூரியை விட்டு அவர் போனதற்கும் காரணம் உண்டு. அல்தாமிராக் குகையில் ஆதிமனிதன் வரைந்த காட்டெருமையின் படத்தைப் பார்த்தவருக்கு, இப்படி வரைய எந்தக் கல்லூரியும் கற்றுத் தராது என்று பட்டுவிட்டது.

3. எதிர்த்தரப்பும் பலமாக இருக்கிறது. குடும்ப நண்பரான வக்கீல் பிருத்வீஷ் (த்ரித்திமான் சாட்டர்ஜி) வரவேற்பறையில் நடத்தும் குறுக்கு விசாரணை நீளமானது. நாகரிகம், மதம், பழங்குடி, நரமாமிசம் என்று கேள்விகள் போகும். ஒரே பொத்தானை அழுத்தி ஒரு நகரத்தையே அழிக்கிறவனைத்தான் நாகரிகமானவன் என்கிறீர்களா என்பது மன்மோகனின் பதில். வக்கீல் முட்டாளாக எழுதப்படவில்லை. அவருடைய எரிச்சலில் நியாயமும் இருக்கிறது. அதனால்தான் காட்சி பிரசங்கமாக ஆகாமல் தப்புகிறது.

4. மாணவர், பேரத்தில் பங்கில்லாதவர். பெரியவர்கள் சொத்தையும் ஆபத்தையும் எடைபோடும்போது அனிலாவின் மகன் சத்யகி மட்டும், நீங்கள் நிஜத் தாத்தாவா போலியா என்று நேராகக் கேட்கிறான். கேட்டுவிட்டு, கதையும் கேட்கத் தயாராகிறான்.

5. போகும்போது எதையோ விட்டுச் செல்கிறார். தாத்தா சொத்தில் தன் பங்கைக் கேட்க வந்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர், அந்தப் பங்கை அனிலாவுக்கே கொடுத்துவிட்டுப் போகிறார். பையனுக்குக் கொடுத்தது ஒரே ஒரு சொல்: கூபமண்டூகம், கிணற்றுத் தவளை. பெரியவனானதும் என்னவாகக் கூடாது என்று கேட்டால், பையன் அந்தச் சொல்லைப் பதிலாகச் சொல்கிறான்.

இந்த ஐந்தில் இரண்டாவதும் மூன்றாவதும் மிக முக்கியம். ஆசானைச் சோதிக்கும் குடும்பம்தான் உண்மையில் சோதிக்கப்படுகிறது. படம் முடியும்போது சத்யகியைவிட அவன் அம்மாதான் அதிகம் மாறியிருப்பாள். சந்தால் பெண்களோடு அவள் கைகோத்து ஆடும் காட்சியில் அது தெரியும்.

## உண்மை ஆசானும் போலி ஆசானும்: ஒரு சூரியன், இரண்டு பேச்சு

ரேயே எடுத்த இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு துல்லியமாகத் தெரியும். 1965-இன் 'மஹாபுருஷ்' படத்தில் வரும் பிரிஞ்சி பாபா, பிளேட்டோவோடு பேசியவர், ஐன்ஸ்டீனுக்குச் சூத்திரம் சொல்லிக்கொடுத்தவர் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார். படத்தின் தொடக்கத்தில் ரயிலில் போகும்போது, சூரியனை எழுப்பிவிடுகிறவர் தானே என்பதுபோல ஒரு நாடகமும் நடத்துகிறார்.

மன்மோகனும் சூரியனைப் பற்றிப் பேசுகிறார், ஆனால் குழந்தைகளிடம். சூரியனின் விட்டம் சந்திரனுடையதைப்போல ஏறக்குறைய 400 மடங்கு. பூமியிலிருந்து அதன் தூரமும் சந்திரனின் தூரத்தைப்போல ஏறக்குறைய 400 மடங்கு. அதனால் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன, முழு கிரகணத்தில் ஒன்று மற்றொன்றைக் கச்சிதமாக மூடுகிறது. இது ஏன் இப்படிப் பொருந்தியிருக்கிறது என்று அவர் வியக்கிறார். தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

பாபா வானத்தைத் தன் அதிகாரத்துக்குச் சாட்சியாக்குகிறார். மாமனோ கேட்பவரின் வியப்பை அதன் பக்கம் திருப்பிவிட்டுத் தான் விலகிக்கொள்கிறார். வங்கப் படங்களில் எந்த வழிகாட்டி உண்மையானவர் என்று தெரியாமல் நிற்கும்போது இந்த ஒரு சோதனை போதும்: அவர் பேசி முடித்ததும் சீடனின் கண் எங்கே போகிறது, குருவின் முகத்துக்கா, குரு காட்டிய பொருளுக்கா?

## பள்ளி மூடப்பட்டால்: 'ஹீரக் ராஜார் தேஷே' (1980)

வைர நாட்டு அரசன் பள்ளியை மூடி, புத்தகங்களை எரிக்கிறான். இவர்கள் எவ்வளவு படிக்கிறார்களோ அவ்வளவு அறிவார்கள், அவ்வளவுக்குப் பணியமாட்டார்கள் என்பது அவன் கவலை. படிக்கிறவன் பட்டினி கிடந்து சாவான் என்று பழமொழியையே தலைகீழாக மாற்றிப் பாடம் வைக்கிறான். எதிர்ப்பவர்களை 'ஜந்தர் மந்தர்' என்ற அறைக்குள் தள்ளி, இயந்திரத்தால் மூளைக்குள் துதிப்பாட்டை ஏற்றுகிறான். நெருக்கடி நிலை முடிந்து சில ஆண்டுகளில் வந்ததால் பலரும் இதை அந்தக் காலத்தின் படமாகவே வாசிக்கிறார்கள்.

பள்ளி ஆசிரியர் உதயன் பண்டிதர் (சௌமித்ர சாட்டர்ஜி) தப்பி மலையில் ஒளிகிறார். சட்டப்படி பார்த்தால் அவர் இப்போது ஆசிரியர் இல்லை; தேடப்படும் குற்றவாளி. ஆசிரியருக்கான வேலையை அவர் முழுமையாகச் செய்வது அதன் பிறகுதான்.

இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. அரசனும் அமைச்சர்களும் எதுகையோடுதான் பேசுவார்கள், குடிமக்கள் பேச்சும் அப்படியே. உதயன் மட்டும் உரைநடையில் பேசுவார். துதிப்பாட்டின் தாளத்துக்குள் வராத ஒரே குரல் ஆசிரியருடையது. சப்டைட்டிலில் இது முற்றாக மறைந்துவிடும், ஆகவே காதால் கவனிக்க வேண்டும். கடைசியில் அரசனையே அந்த அறையில் போட்டுவிடுகிறார்கள். அவனும் ஓடிவந்து தன் சிலையைக் கயிறு கட்டி இழுக்கிறான். அந்த அரசனாக நடித்தவர் உத்பல் தத். 11 ஆண்டு கழித்து அவரே மன்மோகன் மாமா.

## உடலும் பசியும்: 'கோனி'

விளையாட்டுப் பயிற்சியாளர் படம் என்றால் எல்லா மொழியிலும் ஒரே அச்சு என்று நினைப்பவர்கள், 1980களின் நடுவில் வந்த சரோஜ் தேயின் 'கோனி'யைப் பார்க்க வேண்டும். விளையாட்டுப் பத்திரிகையாளர் மோத்தி நந்தியின் நாவல்தான் மூலம். நாயகர் க்ஷித்தா என்று அழைக்கப்படும் நீச்சல் பயிற்சியாளர் க்ஷிதீஷ் சின்ஹா. நடித்தவர் சௌமித்ர சாட்டர்ஜியே.

நீச்சல் சங்கத்தின் உள் அரசியலில் வெளியேற்றப்பட்ட அவர், கங்கைக் கரையில் குடிசைப் பெண் கோனியைக் கண்டெடுக்கிறார். இதன் பிறகு கதை உபதேசத்தில் நகர்வதில்லை, கணக்கில் நகர்கிறது:

1. கூடுதல் நேரம் நீந்தினால் முட்டை, வாழைப்பழம், டோஸ்ட் தருவதாக ஆசை காட்டுகிறார். கோனி அதைக் காசாகத் தரச் சொல்கிறாள், ஏனெனில் வீட்டில் அரிசி இல்லை. பயிற்சியின் முதல் தடை தண்ணீருக்குள் இல்லை என்று அவருக்கு அப்போது புரிகிறது.
2. மனைவி லீலாவதியின் தையல் கடையில் அவளுக்கு வேலை ஏற்பாடாகிறது. குருவின் பிடிவாதத்துக்கு நிதி கொடுப்பது அந்தக் கடைதான்.
3. பருத்த பணக்காரர் விஷ்டு தருக்குக் கூட்டப் பேச்சு எழுதிக் கொடுத்து, அவர் செல்வாக்கைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

நாவலின் உச்சம் சென்னையில், அன்றைய மதராஸில், நடக்கும் தேசியப் போட்டி. டிக்கெட் இல்லாமல் ரயிலேறி வருகிறார் க்ஷித்தா. சங்கக்காரர்களால் ஓரங்கட்டப்பட்டிருந்த கோனி, ஒருத்திக்கு உடல்நலம் கெட்டதால் கடைசி நேரத்தில் தொடர் நீச்சலில் இறக்கப்படுகிறாள். 'ஃபைட், கோனி, ஃபைட்' என்ற கூக்குரல் இன்றும் வங்காளத்தில் அன்றாடப் பேச்சில் புழங்குகிறது. வலியால் துடித்தேன் என்று அவள் சொல்லும்போது, அந்த வலிதான் நான் என்கிறார் அவர். கொடூரமாக ஒலிக்கும் சொல். அதைச் சொல்ல அவருக்குத் தகுதி வருவது, அந்தப் பசியையும் கணக்கில் எடுத்துக்கொண்டவர் என்பதால்.

## சமையலறையிலும் சந்திலும்

தபன் சின்ஹா இதே உருவத்தை இன்னும் கீழே இறக்கினார். 'கல்ப ஹொலேயோ சத்தி' (1966) படத்தில் சண்டைக்காரக் கூட்டுக்குடும்பத்துக்கு வேலைக்காரராக வந்து சேரும் தனஞ்செயன் (ரவி கோஷ்) வீட்டையே திருத்திவிட்டுப் போகிறார். ஹிந்தியில் 'பாவர்ச்சி' (1972) ஆனது இதுவே. 'ஆபன்ஜன்' (1968) படத்தில் ஆசான் ஒரு கிராமத்துக் கைம்பெண் கிழவி (சாயா தேவி). நகரத்து உறவினர்கள் தன்னை ஆயாவாகப் பயன்படுத்துவது தெரிந்ததும் வெளியேறி, தெருச்சண்டை போடும் வேலையற்ற பையன்களுக்குப் பாட்டியாகிறாள். அவள் கொடுப்பது சோறும் அதட்டலும்தான்.

பெண் ஆசான் என்று எடுத்துச்சொல்ல இத்தகைய உதாரணங்கள் மிகக் குறைவு. ஊர் சுற்றி, வேலையை உதறி, குடித்து, தலைமறைவாகித் திரும்பி வரும் சுதந்திரம் இந்தக் கதைகளில் ஆண்களுக்கே இருக்கிறது. அந்தச் சுதந்திரத்துக்கான செலவைப் பெரும்பாலும் லீலாவதிகள் கட்டுகிறார்கள். இந்த மரபின் உண்மையான குறை இது. ரசிகர்கள் மழுப்பாமல் ஒப்புக்கொள்ள வேண்டியது.

## தோற்றுப்போன ஆசான்: கட்டக்கின் நீலகண்டன்

'ஜுக்தி தக்கோ ஆர் கப்போ' படத்தில் நீலகண்ட பாக்சியாகக் கட்டக்கே நடித்தார். மனைவி விட்டுப் போகிறாள், வீடு காலி. வேலையில்லாத இளைஞன் நசிகேதா, வங்கதேசத்திலிருந்து ஓடிவந்த பெண் வங்கபாலா, வேலை தேடும் சமஸ்கிருத ஆசிரியர் என ஒரு சிறு கூட்டம் அவரோடு நடக்கிறது. முடிவில் காட்டில் நக்சல் இளைஞர்களைச் சந்திக்கிறார். அவர்களுக்குக் கொடுக்க அவரிடம் கொள்கை இல்லை. தன் தலைமுறை தோற்றதென்ற ஒப்புதல்தான் இருக்கிறது. போலீஸ் குண்டுபட்டுச் சாகும்போது மாணிக் பந்த்யோபாத்யாயின் கதையில் வரும் நெசவாளி மதனை நினைவூட்டுகிறார். வட்டிக்காரனின் நூலை வாங்க மறுத்து, கை மரத்துப்போகாமலிருக்க வெறுந்தறியை ஓட்டியவன் அவன்.

இங்கே ஆசானிடம் வித்தையோ வெற்றியோ இல்லை. தன்னைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருப்பது மட்டுமே அவர் நடத்தும் பாடம். அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு நிஜ வகுப்பறையும் இருந்தது. 1960களின் நடுவில் கட்டக் புனே திரைப்படக் கல்லூரியில் துணை முதல்வராகக் கற்பித்தார். மணி கவுல், குமார் ஷஹானி, ஜான் ஆபிரகாம் அவரிடம் படித்தவர்கள். அந்த ஜான் ஆபிரகாம்தான் 1977-இல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார். தாயை இழந்த கழுதைக் குட்டியை வளர்க்கப்போய்க் கல்லூரியில் கேலிக்கு ஆளாகும் பேராசிரியர் நாராயணசாமியாக இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் நடித்தார். நீலகண்டனைப் பார்த்துவிட்டு அந்தப் பேராசிரியரைப் பார்த்தால் குடும்ப சாயல் தெரியும்.

## பின்பற்றுபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

1. வினோதம் மட்டும் மிஞ்சுவது. தாடி, சுருட்டு, திடீர்ச் சிரிப்பு எல்லாம் இருக்கும். அவரைச் சந்தேகிக்கும் வலுவான எதிராளி இருக்கமாட்டார். பிருத்வீஷ் இல்லாத மன்மோகன் வெறும் பேச்சாளர்.
2. விலை இல்லாமை. அப்புவின் அம்மா, உதயனின் பள்ளி, நீலகண்டனின் வீடு. எதையும் இழக்காத வழிகாட்டியை இந்த மரபு நம்புவதில்லை.
3. தங்கிவிடுவது. ஆசான் போகாமல் இருந்துவிட்டால் சீடன் அவர் நிழலிலேயே நிற்பான். 'நாயக்' (1966) படத்தில் நாடக குரு சங்கர்தா, சினிமாவுக்குப் போகாதே என்று சீடனான நடிகன் அரிந்தமைப் பிடித்து வைக்கிறார். இறந்த பின்னும் கனவில் வருகிறார். பணக்குவியலில் மூழ்கும் சீடனுக்குக் கை நீட்டிவிட்டு விட்டுவிடுகிறார். பிடித்து வைக்கும் குருவைப் பற்றி ரே கொடுத்த எச்சரிக்கை அது.
4. இருட்டை அலங்காரமாக்குவது. ஸ்ரீஜித் முகர்ஜியின் 'பாயிஷே ஷ்ராபோன்' (2011) படத்தில் இடைநீக்கத்தில் இருக்கும் கெட்டவார்த்தைப் போலீஸ் அதிகாரி (புரசன்ஜித்), இளைய அதிகாரிக்கு வழிகாட்டுகிறார். அங்கே அந்த இருட்டுக்குக் கதையில் ஒரு வேலை இருக்கிறது. முடிவை இங்கே சொல்லவில்லை. கவர்ச்சிக்காக மட்டும் அதை நகலெடுத்தால் அந்த வேலை நடக்காது.

புதிதாகத் தொடங்குபவர்கள் 'ஹீரக் ராஜார் தேஷே'வில் ஆரம்பிக்கலாம். குழந்தைகளோடும் பார்க்கத் தகுந்தது. அடுத்து 'கோனி', பிறகு 'மஹாபுருஷ்', உடனே மறுநாள் 'ஆகந்துக்'. கட்டக்கைக் கடைசியில் வையுங்கள். அதற்குள் தபன் சின்ஹாவின் 'ஆதங்க' (1986) கிடைத்தால் இடையில் பார்த்துவிடுங்கள். ஓய்வுபெற்ற மாஸ்டர்மொஷாய் ஒருவர் கொலையை நேரில் பார்த்துவிடுகிறார். கொலைகாரர்களில் இருப்பவன் அவரிடமே படித்தவன். மாஸ்டர்மொஷாய், நீங்கள் எதையும் பார்க்கவில்லை என்று அவன் மரியாதையோடு சொல்லிவிட்டுப் போகிறான்.